சக்கர வீட்டின் கழிவு நீர்

வீடு ஓரிடத்தில் நிற்பது. வண்டி இடம் விட்டு இடம் ஓடுவது. இவ்விரண்டையும் ஒன்றாக்கி, படுக்கையும் அடுப்பும் குளிக்குமறையும் மலசலகூடமும் கொண்ட ஒரு சிறு வீட்டைச் சக்கரங்களின் மேல் ஏற்றி, காடும் ஏரியும் உள்ள இடங்களுக்குக் கொண்டு சென்று தங்கும் வழக்கம் வட அமெரிக்காவில் நெடுங்காலமாக வேரூன்றியுள்ளது. அவ்வண்டிகளுட் சில, மோட்டார் காரின் பின்னே கொளுவி இழுக்கப்படுவன. சில, சொந்த இயந்திரத்தின் வலிமையால் தாமே ஓடுவன. இழுக்கப்படும் வகையை ஆங்கிலேயர் கரவன் என்பர். அமெரிக்கரும் கனடியரும் இரு வகையையும் ஆர்.வி. என்பர். நாம் இப்பேச்சில் வீட்டு வண்டி என்றே கூறுவோம்.

நேயர்களே, கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலே நம் நாட்டிலிருந்து சென்று குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பெருந்தொகையாக வாழ்கின்றன என்பதை நீங்கள் அறிவீர்கள். கோடை விடுமுறை வந்ததும் அவர்களுட் சிலரும் வீட்டு வண்டியொன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு மாகாணப் பூங்காக்களை நோக்கிப் புறப்படுகின்றனர். பிள்ளைகளைப் பார்க்கச் சென்ற தாய் தந்தையரும் உடன் செல்வதுண்டு. ஏரியின் அழகையும் காட்டின் குளிர்ச்சியையும் பற்றி அவர்கள் நமக்குத் தொலைபேசியிலே சொல்லுவார்கள். வண்டியின் அடியிலே தொங்கிக்கொண்டு உடன் வரும் கழிவு நீர்த் தாங்கிகளைப் பற்றிச் சொல்லுவாரில்லை. கூச்சந்தரும் பொருள்தான்; ஆயினும், அந்தத் தாங்கிகளை ஆளத் தெரியாதவருக்கு விடுமுறையும் இன்பமாக அமையாது, அவர் தங்கிய நிலத்துக்கும் நன்மை விளையாது. ஆதலால் அதனைப் பற்றியே இன்று பேசுவோம்.

நகரத்து வீட்டிலே நாம் சங்கிலியை இழுத்ததும் கழிவு கண்ணுக்கு மறைந்துவிடுகிறது. வீட்டு வண்டியிலோ அது மறைவதில்லை. நாம் செல்லும் இடமெல்லாம் நம்முடனேயே வருகிறது. பொதுவாக ஒரு வண்டியில் மூன்று தாங்கிகள் இருக்கும். முதலாவது நன்னீர்த் தாங்கி. இரண்டாவது, கைகழுவும் தொட்டியிலிருந்தும் சமையலறையிலிருந்தும் குளிக்குமறையிலிருந்தும் வரும் அழுக்கு நீரைக் கொள்வது. அந்நாட்டார் இதனைச் சாம்பல் நீர் என்பர். மூன்றாவது, மலசலகூடத்தின் நேர் கீழே அமைந்திருப்பது. இதிற் சேர்வது கருநீர் எனப்படும். இத்தாங்கிகளின் கொள்ளளவு வண்டிக்கு வண்டி வேறுபடும். 100 முதல் 150 லீற்றர் வரை கொள்வன சாதாரணமாகக் காணப்படும். 150 லீற்றர் நீர் 150 கிலோகிராம் நிறையுடையது என்பதை நினைவிற் கொண்டால், நிறைந்த தாங்கிகளுடன் மலைப் பாதையில் ஏறுவது வண்டிக்கு எத்துணைப் பாரம் என்பது விளங்கும்.

கழிவுத் தாங்கிகள் ஒவ்வொன்றினதும் வாயிலே ஒரு வால்வு உண்டு. அது நமது தண்ணீர்க் குழாயின் திருகு போன்றதன்று. குழாயின் குறுக்கே ஒரு மெல்லிய தட்டு, இரண்டு இறப்பர் வளையங்களுக்கு இடையே கதவு போல முன்னும் பின்னும் நகரும். கைப்பிடியை இழுத்தால் தட்டு விலகும். தள்ளினால் தட்டு குழாயை மறித்து மூடும். கருநீருக்குரிய குழாய் 3 அங்குல விட்டமுடையது. சாம்பல் நீர்க் குழாய் பெரும்பாலும் அதிற் பாதியளவினது. இரண்டும் வண்டியின் பக்கத்திலே ஒரே வாயில் வந்து சேர்கின்றன. அவ்வாய்க்கு ஒரு மூடியுண்டு. மூடியைக் கழற்றி, வளையக்கூடிய பெருங்குழாய் ஒன்றைப் பொருத்தி, அதன் மறுமுனையை நிலத்திலுள்ள சாக்கடைத் துவாரத்திற் செருகிய பின்னரே கைப்பிடிகளை இழுத்தல் வேண்டும்.

இனி, இக்கலையின் முதல் விதியைக் கூறுகிறேன். கருநீர் வால்வு எப்பொழுதும் மூடியே இருத்தல் வேண்டும். தாங்கி மூன்றில் இரண்டு பங்காவது நிறைந்த பின்பே அதனைத் திறத்தல் வேண்டும். புதிதாக வண்டியேறுவோர் பலர் இதற்கு மாறாகவே நினைப்பர். சில தங்குமிடங்களில் ஒவ்வொரு வண்டிக்கும் தனித்தனியே சாக்கடைத் துவாரம் இருக்கும். “குழாயைப் பொருத்திவிட்டோமே, வால்வைத் திறந்தே வைத்துவிட்டால் கழிவு தானே ஓடிவிடுமல்லவா?” என்பது அவர்கள் கேள்வி. ஓடாது. நீர் மட்டும் ஓடிவிடும். திண்மப் பொருள் தாங்கியின் அடியிலே தங்கிவிடும். நாளடைவில் அது மேடாகக் குவிந்து, உலர்ந்து, இறுகி, மலசலகூடத்தின் வாய்வரை எழுந்து நிற்கும். அதன் பிறகு அதனை உடைத்து வெளியேற்றுவது பெரும்பாடு.

இதன் காரணம் எளியது. திண்மத்தைச் சுமந்து செல்வது நீர். சிறிதளவு நீர் மெல்ல வடிந்து போகுமேயன்றி, எதனையும் தன்னுடன் இழுத்துச் செல்லாது. நிறைந்த தாங்கியை ஒரே முறையில் முழுவதுமாகத் திறந்தால், அவ்வளவு நீரும் ஒருங்கே பாயும் வேகத்திலே யாவும் அடித்துச் செல்லப்படும். வாய்க்காலிற் படிந்த மண்ணை மாரி வெள்ளம் அள்ளிச் செல்வதையும், கோடையின் சிறு ஊற்று அதே மண்ணை அசைக்காமற் செல்வதையும் கண்டவர்களுக்கு இதனை மேலும் விளக்க வேண்டியதில்லை. ஆகவே, வால்வை மூடி வைத்துக் காத்திருத்தல் சோம்பலன்று. அதுவே வேலையின் பெரும்பகுதி.

இதன் இரண்டாம் பாகம், தாங்கிக்கு நீரைத் தாராளமாகக் கொடுத்தல். ஒவ்வொரு முறையும் தாங்கியை வெறிதாக்கிய பின், 10 முதல் 20 லீற்றர் வரை நீரை அதனுள் ஊற்றி வைத்த பின்பே மீண்டும் பயன்படுத்தத் தொடங்க வேண்டும். அடித்தளம் எக்காலமும் நீரால் மூடப்பட்டிருத்தல் அவசியம். நன்னீரைச் சிக்கனமாகச் செலவிட எண்ணி மலசலகூடத்திலே நீரைக் குறைப்பவர், சில நாட்களில் அடைப்பை விலை கொடுத்து வாங்கியவராவர். அங்கே தாளைப் பயன்படுத்துவோர், நீரில் விரைவிற் கரையும் தாளையே தெரிந்தெடுக்க வேண்டும். ஒரு போத்தலில் நீர் நிரப்பி, தாளை அதனுள் இட்டு, மூடிக் குலுக்கிப் பார்த்தால் உண்மை புலப்படும். துண்டு துண்டாய்ச் சிதைவது நல்ல தாள்; துணி போல் முழுதாய் மிதப்பது ஆகாத தாள். கழுவிப் பழகிய நம்மவருக்கோ, நீரைத் தாராளமாகச் செலவிடும் வழக்கம் இவ்விடயத்தில் ஒரு நன்மையே.

சாம்பல் நீரைப் பற்றியும் சிறிது கூறவேண்டும். வண்டியிலே தூவற் குழாயின் கீழ் நின்று குளிப்பவர் நிமிடமொன்றுக்கு 7 லீற்றருக்கு மேல் செலவழித்தல் கூடும். அவ்வாறாயின், 150 லீற்றர் தாங்கி 20 நிமிடத்தில் நிறைந்துவிடும். நான்கு பேர் கொண்ட குடும்பம் நம்மூர்க் கிணற்றடியிற் குளிப்பது போலக் குளித்தால், மாலைக்குள் அழுக்கு நீர் குளிக்குமறையின் தரையிலே மேலெழுந்து நிற்கும். உடலை நனைத்து, நீரை நிறுத்தி, சவர்க்காரம் தேய்த்து, மீண்டும் நீரைத் திறந்து கழுவிக்கொள்வதே அங்கு முறை. சோற்றுப் பருக்கையையும் கறியின் எண்ணெயையும் தொட்டியில் ஊற்றாமல், பாத்திரத்தை முதலில் துடைத்தெடுப்பதும் நன்று; எண்ணெய் தாங்கியின் சுவரிற் படிந்து நாறும்.

தாங்கியை வெறிதாக்கும் முறை யாது? ஒன்ராறியோவின் மாகாணப் பூங்காக்களில் தங்குமிடங்கள் பலவற்றிலே மின்சாரம் கிடைக்கும். ஆயினும் தனிச் சாக்கடைத் துவாரம் பெரும்பாலும் கிடையாது. பூங்காவின் ஒரு பக்கத்திலே கழிவகற்றும் நிலையம் இருக்கும். விடுமுறை முடியும் நாளில் அங்கே வண்டிகள் வரிசையாகக் காத்து நிற்கும். பின்னால் நிற்பவர்களை எண்ணி அவசரப்படுவோர்தாம் பெரும்பாலும் பிழைவிடுவர்.

அங்கே முதலிற் கையுறை அணிதல் வேண்டும். அடுத்து, இரண்டு கைப்பிடிகளும் முற்றாக உள்ளே தள்ளப்பட்டுள்ளனவா என்று பார்த்த பின்பே மூடியைக் கழற்ற வேண்டும். கழற்றும்போது நேர் எதிரே நில்லாது ஒரு புறமாக நிற்றல் அறிவுடைமை. பெருங்குழாயைப் பொருத்தி, மறுமுனை துவாரத்தினின்றும் துள்ளி எழாதவாறு உறுதி செய்து, முதலிற் கருநீர் வால்வை முழுவதுமாக இழுத்துத் திறக்க வேண்டும். ஓட்டத்தின் ஓசை அடங்கும் வரை பொறுத்திருந்து, வால்வை மூடி, சிறிது நீர் விட்டு மீண்டும் ஒரு முறை திறப்பது நலம். அதன் பின்பே சாம்பல் நீர் வால்வைத் திறத்தல் வேண்டும். இவ்வரிசை மாறலாகாது. கருநீர் சென்ற குழாயைச் சவர்க்கார நீர் பின்னே வந்து கழுவிச் செல்லவேண்டும் என்பதே இதன் நோக்கம். வரிசை மாறினால், குழாயில் எஞ்சி நிற்பது கருநீராகவே இருக்கும்.

இரண்டு வால்வுகளையும் மூடிய பின், குழாயின் வண்டிப் பக்கத்து முனையைக் கழற்றி உயர்த்தி, உள்ளிருப்பதை வடியவிட்டு, அங்குள்ள நீர்க்குழாயாற் கழுவ வேண்டும். கழிவகற்றும் இடத்திற் கழுவுவதற்கென வைக்கப்பட்டுள்ள அந்நீர்க்குழாய் குடிநீர் எடுப்பதற்குரியதன்று. அதன் முனை எத்தனையோ பேரின் சாக்கடைக் குழாயைத் தொட்டது. அதனால் நன்னீர்த் தாங்கியை நிரப்புவது நோயை விலைக்கு வாங்குவதாகும். குடிநீருக்கு ஒரு குழாய், கழுவுவதற்கு வேறொரு குழாய், இரண்டையும் வண்டியில் வெவ்வேறிடத்திற் சேமித்தல் என்னும் ஒழுங்கு தவறவே கூடாது. இறுதியாகத் தரையிற் சிந்தியதைக் கழுவி, துவாரத்தின் மூடியை இட்டு, கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவினால் வேலை முடிந்தது. செய்யத் தெரிந்தவருக்குக் கால்மணி நேரம் போதும்.

வால்வு கசிவதற்குக் காரணம் பெரும்பாலும் பாதித் திறப்பேயாகும். கைப்பிடியைச் சிறிதளவு இழுத்து, ஓட்டத்தை அஞ்சி, உடனே தள்ளிவிடுவோர் உளர். அப்பொழுது தாட்துண்டும் பிற துகளும் தட்டு அமரும் பள்ளத்திற் சிக்கிக்கொள்கின்றன. தட்டு முற்றாக மூடாது. வெளியே தெரியாத அக்கசிவு, மூடிக்கும் வால்வுக்கும் இடையே சேர்ந்திருந்து, அடுத்த முறை மூடியைக் கழற்றுபவரின் காலிற் கொட்டும். ஆதலின் திறந்தால் முழுதும் திறக்க வேண்டும். மூடினால் முழுதும் மூட வேண்டும். இறப்பர் வளையம் வறண்டால் கைப்பிடி இறுகும். அதற்குச் சிலிக்கன் மசகையே பூச வேண்டும். பெற்றோலிய மசகு சில வகை இறப்பரை ஊதச் செய்து கெடுத்துவிடும். வாயின் முனையிலே இரண்டாவது வால்வு ஒன்றைப் பொருத்திக்கொள்வோரும் உளர். சிறு செலவிற் கிடைக்கும் நற்காவல் அது.

தாங்கி எவ்வளவு நிறைந்தது என்பதைக் காட்டும் சிறு விளக்குகள் வண்டியினுள் உண்டு. அவற்றை முற்றாக நம்பலாகாது. தாங்கியின் சுவரிற் பதித்த உலோக முனைகளை நீர் தொடுவதைக் கொண்டே அவை செயற்படுகின்றன. ஈரத் தாள் அம்முனைகளில் ஒட்டிக்கொண்டால், வெறுந்தாங்கியும் நிறைந்ததாகவே காட்டும். எத்தனை பேர், எத்தனை நாள் என்று கணக்கு வைத்திருப்பதே மேல். நாற்றத்துக்கும் ஒரு காரணம் கூறுவேன். தாங்கியிலே தோன்றும் ஐதரசன் சல்பைட்டு முதலிய வாயுக்கள் கூரைவரை செல்லும் காற்றுக்குழாய் வழியே வெளியேறுகின்றன. குளிக்குமறைக் கூரையின் விசிறி காற்றை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும்போது மலசலகூடத்தின் மிதியை அழுத்தித் திறந்தால், அவ்விசிறி தாங்கியின் காற்றையே அறைக்குள் இழுக்கும். விசிறியை நிறுத்திய பின் மிதியை அழுத்தினால் அத்தொல்லை இல்லை.

நாற்றத்தைப் போக்க இரசாயனத் திரவங்கள் விற்கப்படுகின்றன. முன்னாளில் இவற்றுட் பல போமல்டிகைட்டு கலந்தவை. அப்பொருள் மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004இல் வகைப்படுத்தியது. அதனால் விளையும் வேறொரு தீங்கும் உண்டு. நாட்டுப்புறத் தங்குமிடங்களின் கழிவு பெரும்பாலும் நிலத்தடித் தொட்டிகளிலே பற்றீரியாக்களாற் சிதைக்கப்படுகிறது. போமல்டிகைட்டு அப்பற்றீரியாக்களையும் கொன்றுவிடும். நம் வண்டியின் மணத்தைக் காக்க, எல்லோருக்கும் உரிய தொட்டியின் உயிரைப் போக்குதல் நியாயமாகாது. நுண்ணுயிர்களையும் நொதியங்களையும் கொண்டு கழிவைச் சிதைக்கும் மருந்துகள் இன்று கிடைக்கின்றன. அவற்றையே வாங்குதல் தகும்.

கனடாவின் மாரி கடுமையானது. நீர் உறைந்து பனிக்கட்டியாகும்போது ஏறத்தாழ 9 வீதம் பருமனில் விரியும். வால்விலும் குழாயிலும் எஞ்சிய நீர் இவ்வாறு விரிந்து அவற்றைப் பிளந்துவிடும். ஆதலால், உறைபனி தொடங்குமுன் எல்லாத் தாங்கிகளையும் வெறிதாக்கி, குழாய்களில் உறைதடுப்புத் திரவம் செலுத்தி வைப்பர். அது வீட்டு வண்டிகளுக்கென விற்கப்படும் இளஞ்சிவப்புத் திரவமாக இருத்தல் வேண்டும். காரின் இயந்திரத்துக்கு வழக்கமாக ஊற்றும் உறைதடுப்பு நஞ்சாதலால் குடிநீர்க் குழாயில் அதனைச் செலுத்தலாகாது.

நேயர்களே, இவ்வளவு கவனம் எதற்காக? காட்டு வழியில் ஆளில்லாத இடத்திலே கைப்பிடியை இழுத்துவிட்டுப் போனால் யார் அறிவார் என்று எண்ணுவோரும் உலகில் உண்டு. பூங்காக்களில் அது தண்டனைக்குரிய குற்றம். ஆனால் தண்டனையை விடப் பெரியதொரு காரணம் ஒன்ராறியோவின் வரலாற்றிலேயே உள்ளது.

அம்மாகாணத்தில் வோக்கற்றன் என்பது ஏறத்தாழ 5,000 மக்கள் வாழ்ந்த சிற்றூர். 2000ஆம் ஆண்டு மே மாதத்தில் அங்கே பெருமழை பெய்தது. பண்ணையொன்றில் நிலத்துக்கு இட்டிருந்த மாட்டெருவின் கிருமிகள், மழை நீருடன் கலந்து, ஆழங்குறைந்த ஊர்க் கிணறு ஒன்றினுள் இறங்கின. குளோரீன் இடுதலும் கண்காணிப்பும் குறைவாயிருந்தன. சுமார் 2,300 பேர் நோயுற்றனர். 7 பேர் இறந்தனர். நீதிபதி ஒருவரின் தலைமையில் நடந்த விசாரணையின் அறிக்கை 2002இல் வெளிவந்தது. அப்பண்ணைக்காரர் முறைப்படியே எரு இட்டார், அவர்மேற் குற்றமில்லை என்று அது கண்டது. முறைப்படி இட்ட எருவே வெடிப்புள்ள பாறையினூடாக இறங்கி இத்துணைத் துயரை விளைவிக்கக் கூடுமானால், முறையின்றிக் கொட்டும் மனிதக் கழிவைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ? நிலம் விழுங்கியதெல்லாம் அழிந்துவிடுவதில்லை. பல வேளைகளில் அது நீராய்த் திரும்பி வருகிறது.

இவ்வுண்மை நமக்கும் அயலானதன்று. யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறில்லை. சுண்ணக்கற் பாறையின் வெடிப்புகளிலே தங்கிய மழை நீரே நமது கிணறுகளை ஊட்டுகிறது. ஒரே வளவில் கிணறும் மலக்குழியும் உள்ள வீடுகள் பல. வயலுக்கு இடும் உரத்தாலும் குழியிலிருந்து கசிவதாலும் கிணற்று நீரில் நைத்திரேற்று மிகுவதை ஆய்வாளர் பலமுறை சுட்டிக் காட்டியுள்ளனர். வீட்டு வண்டிக்காரருக்குத் தம் தாங்கி எப்பொழுது நிறையும், எங்கே திறக்கும், எங்கே போய்ச் சேரும் என்பது தெரியும். தெரியாவிடின் அவர் பயணம் நடவாது. நம் வளவிலுள்ள குழி கற்கட்டினதா, வெறும் மண்ணினதா, கிணற்றுக்கு எத்தனை அடி தூரத்திலுள்ளது, கடைசியாக எப்பொழுது வெறிதாக்கப்பட்டது என்று கேட்டால், நம்மிற் பலர் விடை கூறத் தயங்குவோம். கண்ணுக்கு மறைந்ததனால் அது நம் பொறுப்பிலிருந்தும் மறைந்துவிட்டது என்று எண்ணிக்கொள்கிறோம்.

ஆதலால், பிள்ளைகளுடன் கனடாவின் ஏரிக்கரைக்குச் செல்லும் பெற்றோர், வண்டியைப் பொறுப்பேற்கும் வேளையில் ஒரு கேள்வியைத் தவறாமற் கேட்கும்படி அவர்களுக்குச் சொல்லுங்கள்: “இந்தத் தாங்கிகளின் வால்வுகள் எவை? அவற்றை ஒரு முறை திறந்து மூடிக் காட்டுங்கள்.” அக்கேள்வியிலே கூச்சத்துக்கு இடமில்லை. வீட்டிலிருக்கும் நாமோ, அடுத்த மாரி தொடங்குமுன் ஒருநாட் காலையிலே, நமது கிணற்றடியிலிருந்து மலக்குழி வரையுள்ள தூரத்தை ஒரு கயிற்றைப் பிடித்து அளந்து பார்ப்போமாக.